பதினாறு நாள் முட்டை

ஒரு முட்டையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நகைப்போர் நகைக்கட்டும். நகைத்து முடித்தபின் தத்தம் வீட்டு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். யார் தட்டில் முட்டை விழுகிறது, யார் தட்டில் வெறும் ரசம் விழுகிறது என்று கணக்கெடுக்கட்டும். பிறகு பேசுவோம்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் முட்டை அகப்படும் நாளில் அஃது அப்பாவுக்கும் எனக்குமே உரியது. அப்பா மரம் வெட்டுகிறவர், நான் ஆண்பிள்ளை. என் தமக்கைக்குச் சோறும் ரசமும். அம்மாவும் மரம் வெட்டியவளே என்பதும், அவள் எல்லோருக்கும் பின்னரே உண்டாள் என்பதும் அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

பன்னிரண்டாம் வயதில் தமக்கை பெரியவளானாள். அப்பொழுதன்றோ அதிசயம் நிகழ்ந்தது! விடியற்காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பகலில் உளுந்தங்களி. பதினாறு நாள் அவளே வீட்டின் அரசி. கடன் வாங்கிப் பந்தலிட்டு ஊருக்கெல்லாம் விருந்து படைத்தோம். பதினேழாம் நாள் மறுபடியும் சோறும் ரசமும்!

வளரும் பெண்ணுக்குப் புரதச் சத்து வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர், காலத்தைத்தான் தவறவிட்டனர். பெண் குழந்தை மிக விரைந்து உயர்வது பூப்பெய்துவதற்கு முந்திய ஓரிரு ஆண்டுகளிலேயே. அதன்பின் பெரும்பாலோர் வளர்வது சுமார் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான். ஆண்பிள்ளைகளுக்கு அவ்வேகம் 13, 14 வயதில் வரும். ஆகவே சடங்கன்று ஊட்டும் முட்டை, கதிர் முற்றியபின் பாய்ச்சிய நீரே ஆகும்.

வயிறு நிறைவது வேறு. உடல் நிறைவது வேறு. 1905-இல் இதே கோலாலம்பூரில், மனநோயாளர் விடுதியொன்றில் டாக்டர் பிளெட்சர் நடத்திய சோதனையில், தீட்டிய வெள்ளரிசி உண்டோர் பலரைப் பெரிபெரி நோய் பற்றியது. புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். அது வேறொரு சத்தின் கதை, பாடம் ஒன்றே.

வேண்டுவது எவ்வளவு? உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.9 கிராம். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 36 கிராம் புரதம். 450 கிராம் சோற்றில் 12, ஒரு பிடி பருப்பில் 7, ஒரு முட்டையில் 6, ஒரு குவளைப் பாலில் 8, அரைத்துண்டு தெம்பேயில் 9. கணக்கு முடிந்தது! அரிசியில் குறைவதைப் பருப்பு ஈடு செய்யும். பருப்பில் குறைவதை அரிசி ஈடு செய்யும். டப்பாவில் விற்கும் மாவுக்குப் பணம் இறைக்க வேண்டியதில்லை. மிகுதியாய்த் தின்பதால் மரபு வகுத்த உயரத்தைத் தாண்டவும் முடியாது. ஆனால் போதிய உணவே இல்லையேல், விறகில்லாத வீட்டார் கதவை எரிப்பதுபோல, உடல் புரதத்தையே எரித்துவிடும்.

அரசாங்கம் 1979-இல் தொடங்கிய துணையுணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. மற்றது வீட்டின் பொறுப்பு.

என் தமக்கை இன்றும் என் தோளுக்குத்தான் வருவாள். அந்த முட்டையினால்தான் என்று நான் சாதிக்கமாட்டேன். மரபுண்டு, நோயுண்டு, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவள் பங்கை நான் உண்டேன் என்பது மட்டும் உறுதி.

இன்று பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். என் மகளுக்கு வயது பத்து. “தம்பி, இப்போதே சீட்டுக் கட்டி வை, சடங்குக்கு மண்டபம் பிடிக்கவேண்டும்” என்றாள் அம்மா. “கட்டுகிறேன் அம்மா, முட்டைக் கடையில்” என்றேன். அம்மாவுக்குக் கோபம், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, வழக்கம்போல் முதல் முட்டையை எடுத்தவள் என் தட்டருகே சிறிது தயங்கினாள். பின்பு பேத்தியின் தட்டில் வைத்தாள்.

சட்டியில் இன்னொன்று இருந்தது. அதை அம்மாவின் தட்டில் நான் வைத்தேன்.