ஈரக் கூந்தலும் மின்சாரமும்

நுவரெலியாவின் தை மாதக் குளிரை அனுபவித்தவர்களுக்கு ஈரக் கூந்தலின் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள அவ்வூரில், அதிகாலைப் புல்லின்மீது உறைபனி படியும் நாட்களும் உண்டு. முன்னாளில் நம் தாய்மார் தலை முழுகியபின் அடுப்பங்கரையில் அமர்ந்து, சாம்பிராணிப் புகையிட்டுக் கூந்தலை ஆற்றினர். இன்று அவ்விடத்தை ‘ஹெயர் டிரையர்’ என்னும் மின்கருவி பிடித்துக்கொண்டது. என் இல்லத்திலும் மனைவியும் புதல்வியரும் அதை உபயோகிக்கின்றனர். நல்ல சாதனந்தான், ஆயினும் அதன் இயல்பை அறிந்து பழகுதல் அவசியம்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். பறித்து வந்த கொழுந்தை வாட்டுவதற்கு அடியிலிருந்து காற்றைச் செலுத்துவர். ஈரலிப்பு மிக்க நாட்களில் அக்காற்றைச் சற்றே சூடாக்குவர். கூந்தலுக்கும் அதுவே முறை. காற்றே ஈரத்தை அகற்றுகிறது. வெப்பம் அதற்குத் துணை. ஆகவே கருவியை ஒரு சாண் தூரத்திற் பிடித்து, மிதமான சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாது அசைத்துக்கொண்டே உலர்த்தினால் போதும்.

கையளவு கருவிதானே என்று எண்ணலாகாது. 2,000 வாட் கருவியொன்று, 10 வாட் மின்குமிழ்கள் 200 சேர்ந்து உண்ணும் மின்சாரத்தைத் தனியே உண்கிறது. நமது 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏறத்தாழ 9 அம்பியர் ஆகும். பழைய லயக் காம்பராக்களிற் காணப்படும் 5 அம்பியர் சொக்கெட்டு அச்சுமையைத் தாங்காது. ஒரே ‘மல்டி பிளக்’கில் கேத்தலையும் இதனையும் ஒருங்கே செருகினால் கம்பி சூடேறும். அடுத்தடுத்துக் குடும்பங்கள் வாழும் லயத்தில் ஒரு காம்பராவிற் பற்றும் தீ அங்கேயே நின்றுவிடுமா?

என் மாணவி ஒருத்தி, கனடாவிலுள்ள அத்தை கொடுத்த கருவியுடன் ஒரு நாள் வந்தாள். “சேர், பிளக் பொருந்தவில்லை. ஹட்டனில் அடெப்டர் வாங்கிவிட்டேன். இனிப் பயமில்லையே?” என்றாள். கருவியைத் திருப்பி அதன் சீட்டை வாசிக்கச் சொன்னேன். ‘120 வோல்ட்’ என்றிருந்தது. அடெப்டர் பிளக்கின் கால்களைப் பொருத்துமேயன்றி, மின்னழுத்தத்தை மாற்றாது. 120 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் இணைத்தால், வெப்பம் ஏறத்தாழ மூன்றரை மடங்கிற்கும் மேலாகும், கணப்பொழுதில் கருகிவிடும். நமது கருவியை அங்கே கொண்டு சென்றாலோ, சூடின்றிச் சோர்ந்து சுழலும். வெளிநாடு செல்வோர் இரு மின்னழுத்தங்களுக்கும் ஏற்ற கருவியையே வாங்குதல் நலம். சிலவற்றில் மின்னழுத்தத்தை மாற்றும் சிறு திருகு உண்டு. செருகுமுன் அதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் நீர். சுவிட்சை அணைத்துவிட்டாலும், பிளக் செருகியிருக்கும்வரை கருவிக்குள் மின்சாரம் இருக்கக்கூடும். அது வாளி நீரில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய மரணங்கள் நிகழ்ந்தமையாலேயே, நீரில் விழுந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளக்கை அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு முதல் இக்கருவிகளுக்கு வேண்டப்படுவதாக்கினர். நம் வீடுகளில் 30 மில்லி அம்பியர் ‘டிரிப் சுவிட்ச்’ இப்பாதுகாப்பை அளிக்கிறது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். குளியலறைக்குள் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒருகால் நீரில் விழுந்துவிட்டால், கையை விடாது, முதலில் பிரதான சுவிட்சை அணையுங்கள்.

உபயோகித்தபின் பிளக்கைக் கழற்றி, முற்றும் ஆறவிட்டு, பிறகே பெட்டியில் வையுங்கள். கம்பியைக் கருவியின் உடலில் இறுகச் சுற்றினால் கழுத்தருகே முறிந்துவிடும். தளர்வாக மடிப்பதே முறை. மூடுபனி புகும் சுவரோரத்தைத் தவிர்த்து, குழந்தைகளுக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பின்புறச் சல்லடையிற் சேரும் மயிரையும் தூசையும் அடிக்கடி அகற்றுங்கள்; காற்று அடைபட்டால் உள்ளே வெப்பம் மிகும். குளிருக்காகக் கம்பளிக்குள் வைத்து இயக்குவது ஒருபோதும் கூடாது.

மாணவ மாணவியரே, பௌதிகப் பாடத்திற் படித்த வோல்ட்டும் அம்பியரும் வாட்டும் பரீட்சைக்கு மட்டும் உரியன அல்ல. இன்றே வீட்டிலுள்ள கருவிகளின் சீட்டுகளை வாசித்து, பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் மகிழ்வர், வீடும் பாதுகாப்பாயிருக்கும்.