நடுக்குவாதம்

மானிட சரீரத்தின் அமைப்பை நுணுகி நோக்குவார்க்கு வியப்பு விளைவிக்கும் உறுப்புகள் பல. அவற்றுள் நரம்பு மண்டலமே தலைமை வாய்ந்தது. கண் காண்பதும், கால் நடப்பதும், நாப் பேசுவதும் அதன் ஏவலாலன்றி நிகழா. தேகம் நலமாய் இருக்குங்கால் அவ்வேவல் நமக்குப் புலப்படுவதே இல்லை. சட்டைப் பொத்தானை மாட்டும்போது தம் விரல்களைப் பற்றி எண்ணியவர் எவர்? ஏவல் தடைப்படும்போதுதான் அதன் அருமை விளங்கும். அங்ஙனம் தடை செய்யும் நோய்களுள் ஒன்றனோடு ஏழாண்டுகளாக ஒரே வீட்டிற் குடியிருந்து வருகின்றோம். அவ்வுரிமை பற்றி அதன் இயல்பை இக்கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

நம் நாட்டில் நரம்பைப் பற்றிய பிணி எதுவாயினும் அதனை 'நரம்புத் தளர்ச்சி' என்னும் ஒரு பெயருள் அடக்கிவிடுவது வழக்கம். உண்மையில் அவை வெவ்வேறு காரணம் உடையவை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகும். மூளையின் மின்னோட்டம் திடீரெனக் கட்டுமீறினால் காக்கைவலிப்புத் தோன்றும். தொழுநோயில் ஒரு நுண்ணுயிர் கைகால் நரம்புகளைத் தாக்குவதால் உணர்ச்சி கெடும். எமக்கு வாய்த்த நடுக்குவாதமோ இவற்றுள் ஒன்றும் அன்று.

இலண்டன் மாநகரைச் சார்ந்த ஹாக்ஸ்டன் என்னுமிடத்தில் மருத்துவராய் விளங்கிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் 1817-இல் இந்நோயைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டிய நோயாளர் அறுவரே. அவருள்ளும் சிலரைத் தெருவில் நடக்கக் கண்டே குறித்துக்கொண்டனர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், பாரிஸ் நகரத்து ஷார்க்கோ என்னும் பேராசிரியர் இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினர். கை நடுங்குதல் மட்டும் இந்நோய் அன்று என்பதையும், தசை இறுகுதலும் செயல் மந்தமாதலும் இதன் கூறுகள் என்பதையும் அவர் நன்கு விளக்கினர். நடுக்கம் இல்லாதவரும் இந்நோயினர் ஆகலாம். நடுக்கம் உளதாயின், கை வேலையின்றி மடியிற் கிடக்கும்போது அது மிகும். வினாடிக்கு நான்கு முதல் ஆறு முறை ஆடும். பாத்திரத்தைப் பற்றியவுடன் பெரும்பாலும் தணியும்.

எமக்கு முதலில் வந்தது நடுக்கம் அன்று. ஓய்வு பெறுவதற்கு இரண்டாண்டுகள் முன்னர், கடைசி வரிசை மாணவர், "ஐயா, எழுத்துத் தெரியவில்லை" என்று முறையிடலாயினர். வரியின் தொடக்கத்தில் ஒழுங்காய் நின்ற எழுத்து, முடிவை நெருங்க நெருங்கச் சிறுத்து, எறும்பு ஊர்ந்தாற்போல் ஆயிற்று. பின்னர்க் குரல் தாழ்ந்தது. முகமும் மாறிற்று. உள்ளத்தில் மகிழ்ச்சி உண்டாயினும் அதனை முகத்திற்குக் கொண்டுவரும் தசைகள் அசைய மறுத்தன. வகுப்பு முடிந்ததும் மேசையைச் சூழ்ந்து ஐயம் வினவும் பிள்ளைகள் ஒவ்வொருவராய் வாராதொழிந்தனர். ஐயாவுக்கு ஏனோ எல்லோர்மேலும் கோபம் என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதைப் பிற்காலத்தில் ஒருவர் சொல்லக் கேட்டோம். இந்நோய் எம்மிடமிருந்து கவர்ந்தவற்றுள் யாம் மிக வருந்துவது அதற்கே. நடையும் எழுத்தும் எமக்கு மட்டும் உரியவை. அம்மாணவர் அன்போ இருபாலார்க்கும் பொதுவன்றோ?

இத்தனை மாறுதலுக்கும் மூலம் மிகச் சிறிய ஓரிடம். நடுமூளையில் கருநிறம் பொருந்திய உயிரணுக்களின் தொகுதி ஒன்றுண்டு. அவை டோபமீன் என்னும் இரசாயனப் பொருளைச் சுரந்து, அசைவை ஒழுங்கு செய்யும் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. இவ்வணுக்கள் சிறிது சிறிதாய் மடிவதே இந்நோய். அவற்றிற் பெரும்பகுதி அழிந்த பின்னரே வெளிக்குறிகள் தோன்றும். சிலர்க்கு அதற்குப் பல்லாண்டு முன்னரே மோப்ப சக்தி குன்றுவதும் மலச்சிக்கல் உண்டாவதும் உண்டு.

டோபமீனின் பெருமையை 1950-களின் இறுதியில் ஸ்வீடன் தேசத்துக் கார்ல்சன் வெளிப்படுத்தினர். அதன்பொருட்டு 2000-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். நோயால் இறந்தோர் மூளையில் அப்பொருள் குன்றியிருப்பதை 1960-இல் வியன்னா நகரத்து ஹார்னிகீவிச் என்பவர் கண்டறிந்தனர். டோபமீனை உட்கொண்டாலோ, அஃது இரத்தத்திலிருந்து மூளைக்குட் புகாது. ஆகவே, மூளைக்குட் புகுந்தபின் டோபமீனாய் மாறும் லெவோடோபாவை நாடினர். 1967-இல் அமெரிக்காவிற் கொட்சியாஸ் என்பவர் அதனைச் சிறுகச் சிறுக மிகுத்து உட்கொள்ளச் செய்து பெரும்பயன் கண்டனர்.

நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்றும் இதிலுண்டு. நம் வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையில் இந்த லெவோடோபா உளது. 1937-இலேயே தாமோதரன், இராமசாமி என்னும் நம் நாட்டு இரசாயன அறிஞர் இருவர் அதனை அவ்விதையினின்று பிரித்தெடுத்து வெளியிட்டனர். ஆயினும் விதைக்கு விதை அளவு வேறுபடுமாதலின், வைத்தியர் சொல்லின்றி எவரும் அதனை மென்று பார்த்தல் தகாது.

மருந்து நோயை மாற்றுவதன்று; இழந்ததைச் சில நாழிகைக்குக் கடனாகத் தருவது. பருப்பு, மீன், முட்டை முதலியவற்றின் புரதச்சத்து மருந்தோடு போட்டியிடுமாகையால், உணவுக்கு அரைமணி முன்னரே அதனை உண்கின்றோம். ஆண்டுகள் செல்லச் செல்ல, அடுத்த வேளை வருமுன்னரே அதன் பயன் வடிந்துவிடுகிறது. அளவு மிகின் உடல் தானே நெளியத் தொடங்கும். இவ்விரு கரைகளுக்கும் இடையே ஓடம் செலுத்துவதுதான் எம் அன்றாட வாழ்வு.

ஒருநாள் வீட்டு நிலைப்படியில் எம் கால்கள் தரையோடு ஒட்டினாற்போல் நின்றுவிட்டன. எட்டு வயதுப் பேத்தி இதனைக் கண்டு, கோலப்பொடியால் தரையிற் குறுக்குக் கோடுகள் இட்டு, "தாத்தா, கோட்டைத் தாண்டுங்க" என்றாள். தாண்டினோம், நடந்தோம்! வைத்தியரிடம் கூறியபோது அவர் நகைத்து, தானாய் நிகழும் நடைக்குரிய பாதை பழுதுற்றாலும் கண் காட்டும் குறிக்கு இணங்கும் பாதை பெரிதும் நிலைத்திருக்கும் என விளக்கினர். தாளம் கேட்டு நடப்பதும் அங்ஙனமே உதவும். அன்று முதல் கோடிட்ட தாளில் எழுதப் பழகினோம். எழுத்தும் சற்றே பருத்தது. இக்கட்டுரை அவ்வாறு எழுதியதே.

இளைஞர்காள்! பேருந்து நிலையத்தில் தள்ளாடி நிற்பவர் எல்லோரும் குடித்தவர் அல்லர். எம்மையும் ஒருமுறை அவ்வாறு கருதி விலகினவர் உண்டு. சில்லறை எண்ணத் தாமதிக்கும் முதியவரை விரைவுபடுத்தற்க. விரைவுபடுத்தினால் கை மேலும் இறுகும். மெல்லப் பேசுவார் வாக்கியத்தை நீவிர் முடித்துவையற்க, முடியும்வரை காத்திருங்கள். முகத்திற் சிரிப்புக் காணாவிடின் அகத்திலும் இல்லையென்று முடிவுசெய்யற்க. நும் இல்லத்தில் முதியவர் எவர்க்கேனும் எழுத்துச் சிறுத்தாலோ, நடக்கையில் ஒரு கை வீசாதிருந்தாலோ, வயோதிகம் என்று வாளாவிராமல் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அக்காலத்து எம் மேசையை விட்டகன்ற மாணவர் எவரேனும் இவ்வேட்டைப் படிப்பாராயின், அவர்க்கு ஒரு சொல். யாம் சினந்ததில்லை. அன்று கேளாது விட்ட ஐயங்களோடு இன்றும் வரலாம். மறுமொழி சற்றுத் தாமதித்து வரும். ஆனால் முழுமையாய் வரும்.