கைத்தடி விஷயத்தில் நான் சொன்ன பொய்

சர்க்கரை நோய் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. தெரிந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தெரியாதவர்கள் பார்த்து உச்சுக் கொட்டுவதுதான் ஆகாது. வேட்டியை இறக்கிக் கட்டினால் உள்ளே இருப்பது பொய்க்கால் என்று திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தடியை எடுத்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

வெட்டியது போக மிஞ்சிய காலின், அதாவது ஸ்டம்பின், நுனியில் புண் வந்தபோது ஊரிலேயே ஓர் இடத்தில் என் நடையை அளந்தார்கள். ஸ்டம்ப் உட்காரும் சாக்கெட்டுக்கும் பொய்க்காலின் பாதத்துக்கும் நடுவிலுள்ள குழாயில், பாரத்தை அளக்கும் ஒரு லோட் செல். வெறுங்கையோடு, ஒற்றைத் தடியோடு, முழங்கை ஊன்றுகோல்களோடு, வாக்கரோடு என்று மாற்றி மாற்றி நடக்கவிட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் திரையில் கோடு இருமுறை எழும்பும்: குதிகால் ஊன்றியதும் ஒன்று, முன்பாதம் உந்தும்போது இன்னொன்று. அந்த உச்சி, எடை மிஷின் காட்டுவதைவிட அதிகம். சாதாரண நடையிலேயே உடல் எடையை 10 சதவீதம் போலத் தாண்டிவிடும். எதிர்க்கையில் பிடித்த தடி உடல் எடையில் 15, 20 சதவீதம்வரை தன்மேல் வாங்கிக்கொள்ளும். 70 கிலோ ஆளுக்கு அது பத்திலிருந்து பதினாலு கிலோ. சர்க்கரைக்காரனின் தோலுக்கு அது சின்ன விஷயமில்லை. அதற்குத்தான் வலியே சரியாகத் தெரியாதே!

"வலது கையில பிடிங்க அங்கிள், கால் இடதுதானே" என்றாள் அளந்த பெண். வாழ்நாளில் ஊன்றாத ஊன்று ஊன்றினேன். கோடு தாழ்ந்தது. "நல்லா குறையுது. வெளியே போகும்போதும் தடி எடுக்கிறீங்கல்லே?"

"எடுக்காம?" என்றேன்.

தடி என் வீட்டில் குடைகளோடு வாசல் மூலையில் கிடக்கும். ஆஸ்பத்திரி போகிற நாளில் மட்டும் என்னோடு ஆட்டோவில் ஏறும்.

கிராஃபில் பாரம் குறைகிறது, புண்ணோ ஆறவில்லை. அப்படியானால் கோளாறு சாக்கெட்டில்தான் என்று முடிவாயிற்று. சாக்கெட் செய்தவர் மறுபடி பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்தார். எலும்பு முட்டும் இடத்தில் காப்பிங் பென்சிலால் வட்டம் போட்டு, அச்சில் அங்கே மேடு வைத்து, புதிதாக வார்த்தார். பிறகும் ஆறவில்லை. "என் கைவேலையிலதான் எங்கயோ பிசகு" என்றார் அவர். நான் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன். பொய் சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

இதே ஊரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் மைக்ரோபிராசசர் முழங்கால் ஒன்றைச் செய்து, கால் இழந்த ஒருவரைத் தாழ்வாரத்தில் நூறு மீட்டர்போல நடக்கவைத்ததாக 2022 செப்டம்பரில் இஸ்ரோ அறிவித்தது. 1.6 கிலோ எடை. பாரத்தை அறியும் சென்சார் உள்ளேயே உண்டு. முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கானது, எனக்கு உதவாது. படித்தபோது உள்ளூர ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரிக் கால் ஒன்று, நான் தெருவில் எப்படி நடக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தால் என் சாயம் அன்றே வெளுத்திருக்கும்.

கடைசியில் சாக்கெட்காரரிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்பட்டார்; படவேண்டியதுதான். அந்தப் பெண் அதற்குள் வேலை மாறிப் போய்விட்டாள். அவள் எழுதிவைத்த அளவுகளில் என்னுடையதும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கடைத்தெருவுக்குத் தடியோடுதான் போகிறேன். கல்யாண வீடுகளுக்கு இன்னும் எடுத்துப்போவதில்லை.