மீண்டும் முதற்படியிலிருந்து

ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று இறைமக்களின் நெற்றியில் சாம்பல் இடும்போது என் நினைவில் எழுவன இரண்டு: ஒரு பழைய மிதிவண்டி, ஒரு குளிர்ந்த ஏரி. தவக்காலத்திற்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். அந்தத் தொடர்பைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இதில் என் குறை ஒன்றும் வெளிப்படும். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

2014 ஆம் ஆண்டில் ஆயர் அவர்களின் பணிப்பின்படி ஜெர்மனி நாட்டிற்குச் சென்றேன். பவேரியா மாநிலத்தில், ஐஷ்டெட் மறைமாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் பங்குப்பணி ஆற்றினேன். அவ்வூருக்கு அண்மையில் ரோட் என்னும் நகரம் உள்ளது. ஏறத்தாழ 25,000 மக்கள் வாழும் அச்சிறு நகரின் பெயரை உலகெங்குமுள்ள விளையாட்டு வீரர் அறிவர். காரணம், அங்கு நடைபெறும் டிரையத்லான் போட்டி.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்து முடிப்பதே டிரையத்லான். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1974 செப்டம்பரில் 46 பேர் கலந்துகொண்ட போட்டியிலிருந்து இன்றைய டிரையத்லானின் வரலாறு தொடங்குகிறது. 1978 இல் ஹவாய்த் தீவுகளில் அதன் நெடும்போட்டி பிறந்தது. அன்று புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முறையாக இடம்பெற்றது. ரோட் வட்டாரத்தில் அது 1984 லேயே வேரூன்றிவிட்டது. அங்கு நடக்கும் நெடும்போட்டியில் மைன்–டான்யூப் கால்வாயில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்று, பின்னர் 42 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இவ்வளவும் ஒரே நாளில்! உலகிலேயே முதன்முறையாக இத்தூரத்தை 8 மணி நேரத்திற்குள் ஒருவர் முடித்ததும் இதே ரோட் நகரில்தான், 1996 இல்.

எங்கள் ஆலயத்தின் கோவில்பிள்ளை இப்போட்டியை ஆறு முறை முடித்தவர். தொழிற்சாலையில் இயந்திரப் பணி செய்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 66. ஆனால் 2017 இல் அவர் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவருடைய மனைவி புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். அவரைக் குழந்தையைப்போலப் பேணி, செப்டம்பர் மாதத்தில் அடக்கம் செய்தார்.

அவ்வாண்டு நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்தை மந்திரித்துவிட்டுத் திரும்பிய பின், திருவுடைகளை மடித்து வைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

“பங்குத் தந்தையே, மனைவி இறந்து ஓராண்டு நிறையுமுன் ஒருவன் பந்தயத்தில் கலந்துகொள்வது தகுமா? ஊரார் என்ன நினைப்பார்கள்?”

“ஊரார் இருக்கட்டும். உங்கள் உள்ளம் என்ன சொல்கிறது?”

“இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், பிறகு அந்த நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்று அஞ்சுகிறேன்.”

துக்கம் கொண்டாடுவது வேறு, துக்கத்திலேயே அமிழ்ந்துவிடுவது வேறு என்று அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்படியானால் நீங்களும் என்னோடு வாருங்கள். மே மாதக் கடைசியில் பக்கத்து ஏரியில் சிறிய போட்டி ஒன்று உண்டு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். அவ்வளவுதான்” என்றார். உடல் எடையைக் குறைக்கும்படி மருத்துவரும் எனக்குச் சொல்லியிருந்தார். அதைவிட, அந்தப் பெரியவர் தனியே விடப்படலாகாது என்னும் எண்ணமே மேலோங்கியது. இசைந்தேன்.

திருவருகைக்காலத்தின் முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கியது. ஆறு முறை நெடும்போட்டியை முடித்த மனிதர் தம் வீரத்தைக் காட்டுவார் என எதிர்பார்த்தேன். அவரோ முதல் நாள் இருபது நிமிடங்களே ஓடினார். அதுவும் நடைக்குச் சற்று மேலான வேகத்தில். பழைய பயிற்சிக் குறிப்பேடுகளை அலமாரியில் பூட்டிவிட்டுப் புதிய ஏடு ஒன்றை வாங்கியிருந்தார். “முன்பு நான் என்ன செய்தேன் என்பது இந்தக் கால்களுக்குத் தெரியாது. ஓராண்டு ஓடாத கால்கள் இவை. இவற்றுக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்” என்றார்.

அவர் சொன்னதில் உடலியல் உண்மை உண்டு. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே நெடுநேரம் உழைக்கும் ஆற்றல் குறையத் தொடங்குகிறது. மீண்டும் தொடங்கும்போது இதயமும் நுரையீரலும் விரைவில் தேறிவிடும். தசைநாண்களோ மெல்லத்தான் வலுப்பெறும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடுகிறவனுக்குக் குதிகால் இடம் கொடுப்பதில்லை. ஆகவே குளிர்காலப் பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில்தான் அமைய வேண்டும். மூன்று வாரங்கள் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரம் குறைத்து, உடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட முறை.

2018 இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14 இல் வந்தது. வெளியே பனி கிடந்தது. அவர் வீட்டின் நிலவறையில் மிதிவண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே மிதிப்போம். அந்நேரங்களில் அவர் தம் மனைவியைப் பற்றிப் பேசுவார். சில நாள்களில் ஒன்றும் பேசாமலே ஒரு மணி நேரம் கழியும். பாஸ்கா விழாவிற்குப் பின் சாலைக்கு வந்தோம். சங்கிலியைக் கழுவி எண்ணெய் இட்டு, தடைக்கட்டைகளைச் சோதித்து, வெடிப்புக் கண்ட டயர்களை மாற்றினோம். மிதிவண்டியிலிருந்து இறங்கிய உடனே ஓடவும் பழகினோம். முதல் சில நிமிடங்கள் கால்கள் நம்முடையவை அல்ல என்பதுபோல் இருக்கும். பழகினாலன்றி அது மாறாது.

நீச்சலை மட்டும் நான் பொருட்படுத்தவில்லை. நான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவன். கட்டுமரத்திலிருந்து அலைகளில் குதித்துக் கரைசேர்ந்த சிறுவன். அசையாத ஏரிநீர் என்னை என்ன செய்யும்? அவர் வாரந்தோறும் நீச்சல் குளத்திற்கு அழைத்தார். நான் ஏதேனும் சாக்குச் சொன்னேன். ஒருநாள் அவர், “கடைசியாக எப்போது நீந்தினீர்கள்?” என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். உண்மையில், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

மே 11 முதல் 15 வரையுள்ள நாள்களை அந்நாட்டு மக்கள் ‘பனிப் புனிதர்கள்’ நாள்கள் என்பர். புனித பங்கிராசு, புனித செர்வாசியு முதலானோரின் திருநாள்கள் அவை. கடைசிப் பனி அந்நாள்களில் விழக்கூடுமாதலால், அவை கழியும்வரை தோட்டத்தில் மென்மையான நாற்றுகளை நடமாட்டார்கள். பனிப் புனிதர்கள் கடந்து இரு வாரங்கள் ஆகியும் ஏரியின் குளிர் முற்றும் விலகவில்லை. போட்டி நாளான சனிக்கிழமை காலையில் நீரின் வெப்பம் 16 டிகிரி.

இரப்பர் உடை அணிந்து நூற்றுக்கணக்கானோர் கரையில் நின்றோம். கோவில்பிள்ளை முன்கூட்டியே நீரில் மெல்ல இறங்கி, முகத்தில் நீரை வாரி இறைத்து, மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். என்னையும் அழைத்தார். “தேவையில்லை” என்றேன்.

தொடக்க ஒலி கேட்டதும் பாய்ந்தேன். முகம் நீரில் பட்ட கணமே மூச்சு அடைத்தது. குளிர்நீர் திடீரெனத் தோலைத் தாக்கும்போது உடல் தன்னையறியாமல் திணறி மூச்சை இழுக்கும். ஓரிரு நிமிடங்களுக்கு அது நம் வசத்தில் இராது. இதை அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் செவிமடுக்கவில்லை. பக்கத்தில் நீந்தியவரின் கை என் தோளில் மோதியது. ஒரு வாய் நீரை விழுங்கினேன். நூறு மீட்டர்கூடச் செல்லாத நிலையில், கடலோரத்தில் பிறந்த நான், காவலுக்கு நின்ற சிறு படகைப் பற்றிக்கொண்டு தொங்கினேன். படகிலிருந்த இளம்பெண், “அமைதியாக மூச்சு விடுங்கள். நேரம் இருக்கிறது” என்றாள். படகைப் பிடித்து இளைப்பாற விதி இடம் தருகிறது. அதன் உதவியால் முன்னேறுவதற்குத்தான் இடமில்லை.

மூச்சு திரும்பியது. மிக மெல்ல நீந்தினேன். கரையேறியபோது என் பின்னால் மூவரே இருந்தனர். மிதிவண்டியும் ஓட்டமும் குளிர்காலப் பயிற்சியின் புண்ணியத்தால் நன்றாகவே சென்றன. முடிவுக்கோட்டில் கோவில்பிள்ளை காத்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. “இந்த ஏரிக்கு உங்கள் ஊர்க் கடலைத் தெரியாது, பங்குத் தந்தையே! அடுத்த வாரம் இங்கே வந்து நீந்துவோமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு ஆலயத்தில் நற்கருணைப் பேழையின் முன் தனித்திருந்தேன். “கடைசியாக எப்போது நீந்தினீர்கள்?” என்று அவர் முன்னர் கேட்ட கேள்வி மீண்டும் செவியில் ஒலித்தது. ஆனால் இம்முறை அது வேறு பொருளில் ஒலித்தது. கடைசியாக எப்போது செபித்தாய்?

குருமடத்தில் மணியோசையோடு எழுந்து அரைமணி நேரம் தியானித்தவன் நான். குருப்பட்டம் பெற்ற முதல் ஆண்டுகளிலும் அவ்வழக்கம் நிலைத்தது. பின்னர் பணிகள் பெருகின. கட்டளைச் செபம் கண்களால் மட்டும் படிக்கப்பட்டது. தியானம் நாளைக்கென ஒத்திவைக்கப்பட்டது. ஆயினும் மக்களுக்குச் செபத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை! குருமடத்து நாள்களின் சேமிப்பைக் கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தேன். சிறுவயது நீச்சலை நம்பி ஏரியில் குதித்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

புனித சின்னப்பர் கிறிஸ்தவ வாழ்வைப் பந்தயத்திற்கு ஒப்பிட்டு எழுதியது கொரிந்து நகர மக்களுக்கு. அந்நகரின் அருகே ஈராண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. வென்றோர் பெற்றதோ வாடும் இலைமுடி. அப்பகுதியின் முடிவில் அவர் தம்மைப் பற்றியே ஓர் அச்சத்தை வெளியிடுகிறார்: பிறருக்குப் போதித்த தாமே தகுதியற்றவராகப் போய்விடலாகாதே என்று. எத்தனையோ முறை அதைப் பீடத்தில் வாசித்திருக்கிறேன். அன்றிரவுதான் அது எனக்கென எழுதப்பட்டதாக உணர்ந்தேன்.

மறுநாள் காலை ஒரு மணி நேரத் தியானம் என்று தீர்மானிக்கவில்லை. அப்படித் தீர்மானித்து மூன்றாம் நாளே கைவிட்ட அனுபவம் உண்டு. பத்து நிமிடங்கள் மட்டும் அமர்ந்தேன். முதல்நாள் இருபது நிமிடங்கள் ஓடிய பெரியவரே எனக்கு ஆசிரியர்.

தொடங்குவதற்கு வயது தடையன்று என்பதற்கு அமெரிக்கத் துறவி சகோதரி மடோனா பூடர் அவர்களே சான்று. 1930 இல் பிறந்த அவர், ஒரு குருவானவரின் தூண்டுதலால் தம் 48 ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினார். 52 ஆம் வயதில் முதல் டிரையத்லான். 55 ஆம் வயதில் முதல் நெடும்போட்டி. 2012 இல், தம் 82 ஆம் வயதில், கனடாவில் நடந்த நெடும்போட்டியை முடித்தார். ஒவ்வொரு பருவத்திலும், மற்றெவரையும்போல் அவரும் முதற்படியிலிருந்தே ஏறியாக வேண்டியிருந்திருக்கும்.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, ரோட் நகரின் போட்டி. முந்தின நாள் மாலைத் திருப்பலிக்குக் கோவில்பிள்ளையே பீடத்தை ஆயத்தம் செய்து, திருப்பலியில் பங்கேற்று, நற்கருணை வாங்கிச் சென்றார். அந்த மிதிவண்டிப் பாதையில் கிரெடிங் என்னும் ஊரில் கடுமையான ஏற்றம் ஒன்று உண்டு. அதன் பெயரே கல்வாரிக் குன்று. இருமுறை அதில் ஏற வேண்டும். மாலையில் அவர் முடிவுக்கோட்டைக் கடந்து என் கைகளைப் பற்றியபோது சொன்னார்: “இரண்டாம் முறை கல்வாரிக் குன்றில் கால்கள் ஓய்ந்துவிட்டன. அவளுக்காகச் செபமாலையில் பத்து மணி சொன்னேன். சொல்லி முடித்தபோது உச்சியில் இருந்தேன்.”

இப்போது நம் மறைமாவட்டத்திற்குத் திரும்பிவிட்டேன். தவக்காலம் நெருங்கும்போது குடும்பத் தலைவர் சிலர் வந்து, “சுவாமி, எங்கள் வீட்டில் முன்பெல்லாம் இரவுச் செபமாலை உண்டு. பிள்ளைகள் வளர்ந்ததும் நின்றுபோயிற்று. இனி எப்படித் தொடங்குவது?” என்று கேட்பதுண்டு. முன்பு என்றால் ஐம்பத்துமூன்று மணிச் செபத்தின் மேன்மையை விரித்துரைத்திருப்பேன். இன்று, “இன்றிரவு பத்து மணி மட்டும் சொல்லுங்கள். நாளையும் அதையே சொல்லுங்கள்” என்கிறேன்.

அதைச் சொல்லும்போது, நானும் அன்று காலை என் பத்து நிமிடங்களைக் கடைப்பிடித்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.