பனியில் அடங்கிய பாஸ்டன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழைக் கரையில் குளிர்காலப் பெரும்புயல்கள் வடகிழக்கிலிருந்து வீசுகின்றன. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொணரும் அதே திசைதான். அங்கோ அக்காற்று பனியைக் கொட்டுகிறது. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 6, 7 ஆகிய நாள்களில் பாஸ்டன் மாநகரைத் தாக்கிய புயலை அந்நகர மக்கள் இன்றும் மறக்கவில்லை. அக்காலத்தில் நாங்கள் குடும்பமாக அங்கு வாழ்ந்தோம். ஆதலின் கண்டதைச் சிறிது எழுதுகிறோம்.

எங்கள் வீடு டார்செஸ்டர் பகுதியில் இருந்தது. அங்கே மூன்றடுக்கு மரவீடுகள் நெருங்கி நிற்கும். தளத்திற்கு ஒரு குடும்பம். ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர் மிகுந்த இடம். "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் தெருவின் பெயரைச் சொல்லமாட்டார்கள், தம் பங்கின் பெயரையே சொல்வார்கள். அழகான வழக்கந்தான். எனினும் மேல்தளத்தில் ஓராண்டு வாழ்ந்தும், நடுத்தளத்துக் குடும்பத்தாரோடும் கீழ்த்தளத்து மூதாட்டியோடும் எங்களுக்கு இருந்த உறவு படிக்கட்டில் கூறும் ஒரு வணக்கமே.

திங்கள் விடியுமுன் பனி தொடங்கும் என்று வானிலையாளர் அறிவித்திருந்தனர். விடிந்தது, பனியைக் காணோம். கணிப்பு பொய்த்தது என்றெண்ணி அனைவரும் வேலைக்குச் சென்றனர். முற்பகலில் பனி தொடங்கியது. பிற்பகலில் எல்லாரும் ஒரே வேளையில் வீடு திரும்ப முயன்றார்கள். நகரைச் சுற்றிச் செல்லும் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,000க்கு மேற்பட்ட கார்களும் 500 லாரிகளும் அசைய இயலாமல் புதைந்தன. வழக்கமாக அரைநாளில் கடந்துபோகும் புயலை, கனடாவின் மேல் நின்ற உயர் அழுத்தக் காற்று மறித்துக்கொண்டது. அதனால் ஏறத்தாழ 33 மணி நேரம் பனி கொட்டியது. பாஸ்டனில் அளந்தது 27.1 அங்குலம்; காற்று குவித்த இடங்களிலோ ஆளுயரம்.

அமாவாசையை ஒட்டிக் கடல் பொங்கும் நாள்கள் அவை. ரெவியர், ஹல் முதலிய கரையோர ஊர்களில் அலைகள் வீடுகளையே பெயர்த்துச் சென்றன. சேலம் துறைமுகத்திற்கு அப்பால் (ஆம், அங்கும் ஒரு சேலம் உண்டு) தரைதட்டிய கப்பலை நாடி உதவச் சென்ற 'கேன் டூ' என்னும் வழிகாட்டிப் படகின் ஐவரும் திரும்பவில்லை. நெடுஞ்சாலையில் சிக்கியவர்கள் குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டனர். புகைக்குழாயைப் பனி மூடவே, நச்சுப்புகை உட்புகுந்து சிலர் இருக்கையிலேயே மடிந்தார்கள்.

நடுத்தளத்துக் கணவர் அந்தச் சாலை வழியாகத்தான் தினமும் வீடு திரும்புவார். அன்றிரவு அவர் வரவில்லை. ஒன்பது மணியளவில் அவருடைய மனைவி இரு குழந்தைகளோடு எங்கள் கதவைத் தட்டினார். அதுவே முதல் முறை. மூவரையும் அழைத்துக்கொண்டு கீழ்த்தளத்து மூதாட்டியிடம் போனோம். அவருடைய சமையலறை சற்று வெதுவெதுப்பாக இருந்தது. அயர்லாந்தில் பிறந்த அம்மூதாட்டி எதுவும் கேட்கவில்லை. தேநீரை ஊற்றினார், ஜெபமாலையை எடுத்தார். அவர்கள் ஆங்கிலத்திலும் நாங்கள் தமிழிலுமாகச் செபித்தோம். வானொலியைத் திறக்கவும் பயம், மூடவும் பயம்.

செவ்வாய் மாலை தொலைபேசி ஒலித்தது. அவர் உயிரோடிருந்தார். நீடம் என்னும் ஊரில் புனித பர்த்தலமேயு ஆலயம் சாலையில் சிக்கியோருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. ஆலயப் பெஞ்சில் படுத்துறங்கியதாகவும், ஊரார் சூப்பும் ரொட்டியும் கொணர்ந்து கொடுத்ததாகவும் சொன்னார். அவர் மனைவி தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதார்.

மறுநாள் விபூதிப் புதன். ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் தனியார் வண்டிகள் ஓடக் கூடாதெனத் தடை விதித்திருந்தார். வானம் தெளிந்து வெயில் கண்ணைப் பறித்தது. மற்ற நாள்களில் பத்து நிமிடத் தொலைவுக்கும் காரில் வருவோர் அன்று தெருவின் நடுவே வரிசையாக நடந்தார்கள். கோவிலில் நாற்பது பேர் இருந்திருப்போம். பனியில் ஊறிய காலணிகளோடு நெற்றியில் சாம்பலைப் பெற்றோம். மூதாட்டியால் வர இயலவில்லை என்று சொன்னதும், பங்குத்தந்தை ஒரு காகித உறையில் சிறிது சாம்பலை மடித்துத் தந்தார். நடுத்தளத்துப் பெண்மணி சமையலறையில் அதை அவருடைய நெற்றியில் இட்டார். கூப்பிடு தூரத்தில் கோவில் அமைத்த முன்னோரின் அறிவு அன்று எங்களுக்குப் புலப்பட்டது. 2004ஆம் ஆண்டு பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் பல பங்குகள் மூடப்பட்ட செய்தியைப் படித்தபோது அந்த நடையே நினைவுக்கு வந்தது.

வியாழன் நண்பகலில் கணவர் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய பத்து மைலும் நடையே. காலில் முன்பின் அறியாத யாரோ கொடுத்த காலணி. அவ்வாரம் முழுவதும் சிறுவர் சறுக்குப் பலகையில் பாலும் ரொட்டியும் இழுத்து வந்தனர். தெருவில் பெரியவர்கள் நின்று பேசினர். பெயர் கேட்டு அறிந்துகொண்டனர். 13ஆம் நாள் தடை நீங்கியது. எஞ்சின் ஓசை திரும்பியது.

பனியை வெட்டி ஒதுக்கிக் காருக்கு இடம் செய்தவர், அவ்விடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டு வைப்பது பாஸ்டன் வழக்கம். பிறர் அங்கே வண்டியை நிறுத்தினால் சண்டை நிச்சயம். நடுத்தளத்தாரின் கார் கிடைக்க மேலும் பத்து நாளாயிற்று. அதுவரை, நாங்கள் அனைவரும் சேர்ந்து வெட்டிய இடத்தில் மூதாட்டியின் சமையலறை நாற்காலி நின்றது. அதை ஒருவரும் தொடவில்லை.