பால்மரம் தரும் தேன்

பால்மரம் பால் தரும் என்பதை நம் தோட்டத்துச் சிறார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகறையில் நெற்றி விளக்கோடு வெட்டுக்குப் புறப்படும் தாய் தந்தையரைக் கண்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். ஆயின், அம்மரத்திலிருந்து தேனும் கிடைக்கும் என்று யாம் வகுப்பில் கூறியபோது ஆறாம் ஆண்டு மாணவருள் பலர் நகைத்தனர். பால்மரப் பூவை யார் கண்டார்கள் என்பது அவர்தம் கேள்வி. நல்ல கேள்விதான். ஏனெனில் அத்தேன் பூவிலிருந்து வருவதன்று.

ஆண்டின் தொடக்கத் திங்கள்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதையும், பின்னர்ச் செம்பழுப்பு நிறத்தில் தளிர் விடுவதையும் நாம் அனைவரும் அறிவோம். அத்தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்தை உற்று நோக்கினால் புள்ளி போன்ற சிறு சுரப்பிகளைக் காணலாம். தளிர் முற்றும் வரை அவற்றில் இனிப்புநீர் ஊறும். தேனீ நாடி வருவது அதனைத்தான். மழை மிகுந்தால் அது கழுவப்பட்டுப் போகும். வெயில் வாய்த்தால் பெட்டிகள் நிறையும். இலையுதிர்க் காலத்தில் பால் குறையும், கூலி குறையும், மளிகைக் கடைக் கணக்கோ ஏறும். அந்தக் காலத்தை ஒட்டியே இத்தேன் வருகிறது என்பதைப் பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

இது புதுமையன்று. தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்தே தேனீ வளர்ப்பு தழைத்தது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்குப் பணியாற்றிய ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்கர் சிற்றூர் மக்களுக்குக் கற்பித்த தொழில்களுள் இதுவும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் ஒரு நச்சுயிரி நோய் பரவி அங்குள்ள தேனீக் குடும்பங்களைப் பெரிதும் அழித்தது. மக்கள் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் பெட்டி வைத்தனர்.

நம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர், தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், இப்போது தேன் பதனிடும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். அவர் தந்தை நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமநிதியில் பெரும்பகுதி அப்பட்டறையில் போடப்பட்டுள்ளது. ஆறாம் ஆண்டு மாணவர் இருபத்திருவரை அழைத்துக்கொண்டு யாம் அங்குச் சென்றோம்.

வாயிலிலேயே காலணி கழற்றி, கை கழுவி, தலைக்கு வலைத்தொப்பி அணிந்த பிறகே உள்ளே செல்ல இசைவு கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் பெட்டி வைத்திருப்போரிடமிருந்து 25 கிலோக் கொள்கலன்களில் தேன் வந்து இறங்கியிருந்தது. எடை பார்ப்பதற்கு முன்பே ஒரு துளியை எடுத்துச் சிறு கண்ணாடிக் கருவி ஒன்றில் தடவி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தார் அவர். ரிஃப்ராக்டோமீட்டர் எனப்படும் அக்கருவி, ஒளி வளையும் அளவைக் கொண்டு தேனில் உள்ள நீரின் விழுக்காட்டைக் காட்டும்.

“ஐயா, கொட்டகையிலே பாலுக்கு மெட்ரோலாக் போட்டுப் பார்ப்பாங்களே, அது மாதிரியா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் தாய் வெட்டுக்குச் செல்பவர். அதனைவிடச் சரியான விளக்கத்தை எம்மால் தந்திருக்க முடியாது. பாலில் எத்தனை விழுக்காடு காய்ந்த இரப்பர் என்று பார்த்துக் கூலி கணக்கிடுவது போலவே, இங்கும் நீரைக் கழித்தே விலை.

யாம் அங்கேயே ஒரு கணக்கைக் கொடுத்தோம். 24 விழுக்காடு நீருள்ள தேன் 100 கிலோ. அதை 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் எஞ்சுவது எவ்வளவு? பெரும்பாலோர் 96 என்றனர். நீரல்லாத பொருள் 76 கிலோ, அது மாறாது, அந்த 76 கிலோ இப்போது 80 விழுக்காடாக நிற்க வேண்டும். ஆகவே 95 கிலோ. ஐந்து கிலோ நீர் காற்றோடு போகிறது. அந்த ஐந்து கிலோவுக்கும் தேன் விலை கொடுத்து வாங்கினால் பட்டறை நிலைக்காது என்று அவர் சொன்னபோது, கணக்கின் பொருள் மாணவர் முகங்களில் தெரிந்தது.

ஏன் 20 விழுக்காடு? கோடெக்ஸ் எனப்படும் அனைத்துலக உணவுத் தரம் பொதுவாகத் தேனுக்கு விதித்திருக்கும் மேல்வரம்பு அது. நீர் மிகுந்தால் தேனில் இயற்கையாகவே உள்ள நொதிகள் பெருகும், தேன் புளிக்கும், போத்தலின் மூடி உப்பும். குளிர்நாட்டுத் தேனீ காற்றிலேயே தேனை நன்கு உலர்த்திவிடுகிறது. நம் நாட்டுக் காற்றோ ஈரம் சுமந்தது. கூட்டின் அறைகளைத் தேனீ மெழுகால் மூடுமுன் அவசரப்பட்டு எடுத்தால் நீர் இன்னும் கூடுதலாக இருக்கும். (கெலூலுட் என்னும் கொடுக்கில்லாத் தேனீயின் தேன் வேறு வகை, இயல்பாகவே நீர்த்தது, புளிப்புடையது. அதற்கென 2017இல் வந்த மலேசியத் தரம் 35 விழுக்காடு வரை நீருக்கு இடமளிக்கிறது. இரண்டையும் குழப்பலாகாது.)

நீரைப் போக்கத் தேனைக் கொதிக்க வைக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். கூடவே கூடாது. மூடிய அறையில், அகன்ற தட்டுகளின்மேல் தேனை மெல்லிய படலமாக வழியவிட்டு, இளஞ்சூடான உலர்ந்த காற்றை அதன்மீது செலுத்துகிறார்கள். சூடு 40 பாகையை ஒட்டியே இருக்கிறது. இரவு முழுதும் அப்பொறி ஓடும். மின்கட்டணத்தைச் சொல்லி அவர் சிரித்தார். அவர் தந்தை சிரிக்கவில்லை.

அடுத்தது வடிகட்டல். குளிர்ந்த தேன் வலையில் நகராது. அதனால் இரட்டைச் சுவருள்ள எவர்சில்வர்த் தொட்டியில் ஊற்றி, இரு சுவர்களுக்கும் இடையே வெந்நீரை ஓடவிட்டு, 45 பாகை அளவுக்கு இளக வைக்கிறார்கள். அடியில் நெருப்பு மூட்டுவதே இல்லை. தேன்மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேல். எனவே அச்சூட்டில் மெழுகுத் துணுக்குகள் கெட்டியாகவே இருந்து வலையில் தங்கிவிடும். முதலில் பெரிய கண் வலை, பிறகு சிறிய கண் வலை. நொதிகளைக் கொல்வதற்காக 60 பாகைக்கு மேல் சிறிது நேரம் சூடாக்கி உடனே குளிர்விக்கும் பெரிய ஆலைகளும் உண்டு. சூடு நீடித்தால் நிறம் கறுக்கும், மணம் போகும், எச்.எம்.எஃப். என்னும் பொருள் மிகும். அது கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டலாகாது. வெப்பநாட்டுத் தேனுக்கு 80 வரை விடப்பட்டுள்ளது. தேன் அடுப்பைக் கண்டதா, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதை ஆய்வுக்கூடம் இவ்வாறு கண்டுகொள்ளும்.

வடிகட்டிய தேன் உயரமான தொட்டியில் இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்கிறது. நுரையும் நுண்ணிய மெழுகும் மேலேறும். தெளிந்த தேன் கீழுள்ள குழாய் வழியே போத்தலுக்கு இறங்கும். போத்தல்களைக் கழுவியதோடு விடாமல் அடுப்பறையில் உலர்த்தி எடுக்கிறார்கள். போத்தலைச் சற்றே சாய்த்து, சுவர் வழியாகத் தேன் இறங்குமாறு பிடித்தால் குமிழ் விழாது. மாணவர் இருவருக்கு அவ்வேலையைச் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஒரு கிலோத் தேன் ஏறத்தாழ 700 மில்லிலீட்டர் போத்தலில் அடங்கிவிட்டதைக் கண்டு, குறைத்துவிட்டார்கள் என்றே முதலில் எண்ணினர். ஒரு லீட்டர்த் தேன் சுமார் 1.4 கிலோ எடை உடையது என்பதைத் தராசில் வைத்துக் காட்டிய பிறகே ஐயம் தீர்ந்தது.

ஒரு மூலையில் நான்கு டசன் போத்தல்கள் தனியே அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் தேன் பாதியளவு வெண்மையாக உறைந்திருந்தது. பட்டணத்துக் கடை ஒன்று, “சீனிப்பாகு கலந்திருக்கிறது” என்று பலர் முன்னிலையில் கூறித் திருப்பி அனுப்பிய சரக்கு அது. தந்தையின் சேமநிதிப் பணத்தில் வாங்கிய பொறியைவிட அந்த ஒரு சொல் அவருக்குப் பெருஞ்சுமையாக இருந்ததை யாம் உணர்ந்தோம். தேன் விற்பவனுக்குப் பெயர்தானே முதல்!

உண்மை என்னவெனில், தேனில் குளுக்கோசு மிகுந்திருந்தால் அது மணிமணியாக உறையும். பால்மரத் தேன் எளிதில் உறையும் இயல்புடையது. உறைதல் கலப்படத்துக்குச் சான்றன்று. எறும்பு மொய்க்காது, நீரில் விட்டால் கரையாமல் இறங்கும், தீக்குச்சியை நனைத்தாலும் பற்றும் என்று நம்மிடையே வழங்கும் சோதனைகளும் நம்பத்தக்கன அல்ல. நல்ல தேனையும் எறும்பு மொய்க்கும். கெட்டியாகக் காய்ச்சிய பாகும் நீரில் அப்படியே இறங்கும். கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் சருக்கரையை அதிலுள்ள கரிம வகையைக் கொண்டு ஆய்வுக்கூடத்தார் பிரித்தறிவர். அரிசிப் பாகு அச்சோதனைக்குத் தப்பிவிடும். அதற்கு வேறு ஆய்வுகள் வேண்டும். ஆய்வுக்கூடமே இத்துணை அல்லற்படும் செய்தியைக் கடைக்காரர் கண்ணால் பார்த்தே தீர்த்துவிட்டார்!

அப்போத்தல்களுள் ஒன்றை வெந்நீரில் வைத்தார் நம் பழைய மாணவர். கொதிநீர் அன்று, கை பொறுக்கும் சூடு. பிள்ளைகள் நண்பகல் உணவு உண்டு திரும்புவதற்குள் அது தெளிந்திருந்தது.

இனித் தாய்மார்களிடம் ஒன்று கூற வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் உண்டு. அதற்குத் தேனைத் தேடுவோரும் உளர். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் தூய தேனிலும் இருக்கக்கூடும். வளர்ந்தோர் வயிற்றில் அவை முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சு கக்கி, தசைகளையும் மூச்சையும் தளரச் செய்யும். குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வதை 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருத்துவர்கள் முதன்முதலாக இனங்கண்டனர். மேலே கூறிய சூடெல்லாம் அவ்வித்துகளை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. பாட்டிமார்கள் எம்மீது சினங்கொள்ளினும் பொறுத்துக்கொள்வோம். சேனைக்கு வேறு இனிப்பும் வேண்டா, தாய்ப்பாலே போதும்.

பள்ளிக்குத் திரும்பியபின், போத்தலில் ஒட்டும் முகப்புச்சீட்டுக்குச் சில வரிகள் எழுதித் தருமாறு அவர் கேட்டிருந்ததை வகுப்பில் சொன்னோம். இரண்டு நாள் எழுதி எழுதி அடித்தார்கள். நீளமானவற்றையெல்லாம் விலக்கி இறுதியில் நின்றவை இவை: “இது பால்மரத் தேன். உறையும், உறைந்தால் வெந்நீரில் வைக்கவும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.” மலாய் மொழியிலும் அதனையே மாணவர் எழுதினர். அச்சாகி வந்த முதல் தாள் நம் அலுவலக வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்கும் இரண்டு தாள்கள் அனுப்பப்பட்டன. அவர் ஒரு டசன் போத்தல் மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.