நிலம் வாங்கியவர் யார், மாடு வாங்கியவர் யார்?

ஞாயிறு காலைப் பூசைக்கு இளைஞர்கள் வருவதில்லை என்பது இப்போது மறையுரை தோறும் கேட்கும் புகார். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: செல்போன், கிரிக்கெட், ரீல்ஸ். உலகக் கவலைகளில் மூழ்கிக் கடவுளை மறந்துவிட்டோமாம். இதற்குத் துணையாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தின் விருந்து உவமை.

அந்த உவமையை நாம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், தோழர்களே. விருந்துக்கு வர மறுத்த முதல் ஆள் நிலம் வாங்கியவன். இரண்டாவது ஆள் ஐந்து ஏர் மாடு வாங்கியவன். மூன்றாவது ஆள் புது மாப்பிள்ளை. சாக்குச் சொன்னவர்களில் இருவர் சொத்துக்காரர்கள். கடைசியில் விருந்துக்கு அழைத்து வரப்பட்டவர்களோ தெருவிலும் சந்திலும் கிடந்த ஏழைகள், ஊனமுற்றோர். சேரியில் நிலம் வாங்கியவர் எத்தனை பேர்? ஐந்து ஏர் மாடு யார் வீட்டில் கட்டியிருக்கிறது? உவமையில் நாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். மறையுரையில் மட்டும் எப்படியோ வெளியே நிற்கிறோம்.

செல்போன் பராக்கு இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இரவு இரண்டு மணி வரை திரையைத் தேய்க்கும் பையனுக்குக் காலைப் பூசை மணி கேட்காது. ஆனால் அது மேலத்தெருப் பையனுக்கும் கேட்பதில்லை. எங்கள் தெருவுக்கென்று தனியாகச் சில தடைகள் உண்டு.

தூய்மைப் பணியாளருக்கு ஞாயிறு விடுமுறை நிச்சயமில்லை. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அன்றுதான் கூட்டம் அதிகம். சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிக்கு அன்றுதான் ஆர்டர் அதிகம். நம் அமைப்புக் கூட்டங்களைக்கூட ஞாயிறு காலை பத்து மணிக்குத்தானே வைக்கிறோம்!

இதையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று பீரோவில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறோம். தனித்தொகுதி போகிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. தெருவும் சாதிப்பெயரும் மட்டும் போவதில்லை.

அதனால்தான் கோயிலில் மேரியாக இருப்பவள் பள்ளிக்கூடத்தில் மாரியாக இருக்கிறாள். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகக் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்ததும், தவறாமல் கோயிலுக்குப் போனதும் அவருக்கு எதிராகவே நின்றன. யோசித்துப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளையிடம் அம்மா, "பரீட்சை முடியுற வரைக்கும் கோயில் பக்கம் போகாதடா" என்கிறாள். அந்தப் பிள்ளையை எந்தக் கிரிக்கெட் இழுத்தது?

சரி, துணிந்து கோயிலுக்குப் போனால்? தனிக் கல்லறை, தேர் நுழையாத தெரு. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அதற்காகத் தாக்கப்பட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று நடந்த கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே செபமாலையைச் சொல்கிறவர்கள்தான். இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடி பேரில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பெரும்பான்மையாக இருந்தும் வாசல் ஓரம்தான் என்றால், பையன் போனைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்?

இவ்வளவுக்கும் பிறகு "அப்புறம் ஏன் அந்த மதத்தில் இருக்கிறீர்கள்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஆயாக்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடம் என்பது ஒரு பதில். தீண்டத்தகாதவரோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு தச்சன் மகனை எங்களுக்குப் பிடிக்கும் என்பது இன்னொரு பதில். எங்களுக்கு இரண்டாவதே பெரிது. விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்முன் அடுப்படியில் நின்று சிலுவை போட்டுக்கொள்ளும் பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பங்குப் பேரேட்டில் அவர்கள் 'பூசைக்கு வராதவர்கள்'.

எங்கள் தெருச் சிற்றாலயத்தில் ஞாயிறு மாலை ஆறரைக்கு ஒரு பூசை வையுங்கள் என்று கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறோம். "ஃபாதர், வேலை முடிஞ்சு வர்றவங்க வருவாங்க" என்று நேரிலும் சொன்னோம். குருக்கள் பற்றாக்குறை என்றார்கள். மேலத்தெருப் பெரிய கோயிலில் ஞாயிறன்று மூன்று பூசை. அதில் ஒன்றை இங்கே மாற்றித் தரக் கேட்டு இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தமுறை கையெழுத்து வாங்கத் தெருத் தெருவாக அலைவது அந்தச் செல்போன் பையன்கள்தான்.